சீமாட்டியின் கதவு

இடுப்பில் ஒரு தர்பூசணியைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு கரடிக்காரம்மா ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முட்டி இரண்டும் வேண்டாம் தாயே என்று கெஞ்சின. கேட்க நேரமில்லை. பூங்காவைப் பார்வையிட நாளைக்கு வருவதாக இருந்த குழு இன்றைக்கே வந்து இறங்கிவிட்டது. பூங்கா வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. அவர்கள் மான்களையும் முதலைக் குளத்தையும் தாண்டிக் கரடியிடம் வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது. கரடியின் நடையை நிறுத்தியாக வேண்டும்.

கரடி நடந்தால் என்ன, கால் எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். இந்த நடை வேறு. தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து கண்ணாடிச் சுவர் வரை போகும். மூக்கைச் சுவரில் வைக்கும். தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். மறுபடி தொட்டி. மறுபடி சுவர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே வேலை. புதிதாகப் போட்ட புல் தேய்ந்து, மண் தேய்ந்து, அந்தப் பாதை இப்போது ஒரு குட்டி வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது.

கரடியின் பெயர் சீமாட்டி. சாப்பிடும்போது ஒரு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரையும் லட்சியம் பண்ணாமல் உட்காரும் தோரணைக்காகக் கரடிக்காரம்மா வைத்த பெயர். குட்டியாக வந்த நாளிலிருந்து அவள் கையால் வளர்ந்தது. பழைய கூண்டில் இருந்தவரை இந்த நடைப் பைத்தியம் அதற்குக் கிடையாது. அந்தக் கூண்டைப் பார்த்தால் யாருக்கும் கண்ணீர் வரும். சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு பாறை, பின்னால் ஓர் இருட்டறை. அவ்வளவுதான். அதில் சீமாட்டி மகாராணி மாதிரி இருந்தது. போன மழைக்காலம் முடிந்ததும் புதிய இடத்துக்குக் குடி மாற்றினார்கள். புல்வெளி, அருவி, குளியல் தொட்டி, உள்ளே குளிரூட்டிய அறை, மக்கள் பார்க்க ஆளுயரக் கண்ணாடி. குடிசையில் குறட்டை விட்டவள் மாளிகையில் தூக்கம் கெட்டுத் திரிய ஆரம்பித்துவிட்டாள்.

மேலாளர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இடத்தில் குறை இல்லை, கரடியில்தான் குறை. கடல் தாண்டி ஒரு பூங்காவில் இரண்டு இளங்கரடிகள் தருகிறேன் என்கிறார்கள். சீமாட்டியைக் கொடுத்து அவற்றை வாங்கிவிடலாம். குழு வந்து பார்த்து, இது தேறாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பூங்காவின் டாக்டர், கல்லூரி வாசனை போகாத பெண், கரடிக்காரம்மாவைத் தனியாக அழைத்து ஒன்று சொல்லியிருந்தாள். இந்த வயதில் மயக்க ஊசி போட்டு, பெட்டியில் அடைத்து, அவ்வளவு தூரம் அனுப்பினால் சீமாட்டி கண் விழிக்குமா என்பதே சந்தேகம்.

ஆகவே தர்பூசணி. ஆகவே ஓட்டம்.

உணவுத் துவாரத்தைத் திறந்து பழத்தை உருட்டிவிட்டதும் சீமாட்டி நின்றது. மோந்தது. பழத்தை அணைத்துக்கொண்டு, கை தொடைமேல் போக, உட்கார்ந்தது. கரடிக்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு புதருக்குப் பின்னால் பதுங்குவதற்கும் குழு கண்ணாடியின் முன்னால் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

குழுவின் தலைவி வெள்ளை முடியும் விளையாட்டுக் காலணியுமாக இருந்தாள். கூட வந்த இருவரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். மேலாளர் அருவியின் பெருமையைச் சொன்னார். அருவியை நிறுத்தவும் ஓட்டவும் தம் அறையிலிருந்தே முடியும் என்றார். கரடியை உள்ளே அழைப்பதற்குக்கூட ஆள் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், மின்சாரச் சங்கு ஊதும், கதவு தானே மேலே போகும் என்றார். அந்தச் சங்குச் சத்தத்துக்குச் சீமாட்டி தினமும் மூலையில் போய் ஒண்டுவதையும், கடைசியில் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சித்தான் உள்ளே தள்ள வேண்டியிருப்பதையும் அவர் சொல்லவில்லை.

தலைவி பழம் தின்னும் கரடியைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் சிரித்தார்கள். புதருக்குப் பின்னாலும் ஒருத்தி சிரித்தாள்.

பழம் தீர்ந்தது.

சீமாட்டி வாயைத் துடைத்துக்கொண்டது. எழுந்தது. தொட்டிக்குப் போனது. அங்கிருந்து நேராகத் தலைவியின் முகத்துக்கு எதிரே வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. மறுபடி தொட்டி. மறுபடி சுவர். தலைவியின் சிரிப்பு சுருங்கியது. இது எத்தனை நாளாக என்று கேட்டாள். தேகப் பயிற்சி மேடம், என்றார் மேலாளர்.

தலைவி காது குத்த விடுகிற ஆள் இல்லை. தரையில் தேய்ந்திருந்த வாய்க்காலை விரலால் காட்டினாள். மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் திரும்பி வருகிறோம், அப்போதும் இப்படித்தான் என்றால் அனுப்பிவிடுவதுதான் சரி என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மத்தியானம் வரை. அவ்வளவுதான் அவகாசம்.

டாக்டர் பெண் எங்கிருந்தோ சைக்கிளில் பறந்து வந்தாள். இருவரும் கொலைகாரனைத் தேடும் போலீஸ் மாதிரி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். பழைய கூண்டின் டயரைக் கொண்டுவந்து போட்டார்கள். சீமாட்டி அதை மோந்து, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு நடையைத் தொடர்ந்தது. அருவிச் சத்தம் பிடிக்கவில்லையோ என்று அதை நிறுத்தச் சொன்னார்கள். நடை நிற்கவில்லை. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து மிரள்கிறதோ என்று பழைய போர்வையைத் தொங்கவிட்டார்கள். போர்வைக்கு முன்னாலும் அதே வெட்டு, அதே திருப்பம்.

"அக்கா, இங்க என்ன அதிகமா இருக்குன்னே தேடிட்டிருக்கோம்," என்றாள் டாக்டர். "அங்க இருந்து இங்க இல்லாதது என்னன்னு பாக்கல."

"அங்க என்ன இருந்தது, கரப்பான்பூச்சியும் இருட்டும்தான்."

"வாங்க, போய்ப் பாத்துடலாம்."

பழைய கூண்டுக்குப் போகும் வழியில் சம்பந்தி எதிரே வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூங்காவின் சாவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. இடுப்பில் தொங்கும் கொத்தைக் குலுக்கிக்கொண்டு காலையில் ஒரு சுற்று, பூங்கா மூடும் முன் ஒரு சுற்று, ஒவ்வொரு பூட்டாகச் சாவி போட்டுச் சரிபார்ப்பார். தம் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். அவர் மகனைத்தான் கரடிக்காரம்மாவின் மகள் கட்டியிருக்கிறாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் வேலையிடத்தில் வாயார வைதுகொண்டவர்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு மரியாதை வந்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இங்கே ஒரு வார்த்தை தடித்தால் அது சாயங்காலத்துக்குள் பிள்ளைகளின் சமையலறைக்குப் போய், பாத்திரம் உருளும். அதனால் குழாய் ஒழுகினால்கூட அவர், சம்பந்தி அம்மா பக்கத்துக் குழாயில் ஏதோ ஈரம் மாதிரி எனக்குப் பட்டது, என் கண் கோளாறாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்வார். அவளும், உங்கள் கண்ணுக்கு என்ன சம்பந்தி, பருந்துக் கண் என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் குழாயைத் திட்டுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான். அவசரமோ என்றார். கொஞ்சம் என்றாள். சீமாட்டி எப்படி என்றார். நடக்கிறது என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சாவிக்கொத்தைப் பார்த்து, சொல்லாமல் போய்விட்டார்.

பழைய கூண்டு இடிப்பதற்குக் காத்திருந்தது. முன்னால் பாறையோடு முற்றம். பின்னால் இருட்டறை. இரண்டுக்கும் நடுவில் கனத்த இரும்புக் கதவு, மேலிருந்து தொங்குவது. இந்தப் பக்கமும் ஆடும், அந்தப் பக்கமும் ஆடும், விட்டால் தானாகவே நடுவில் வந்து நிற்கும். வெளிநடையில் இருக்கும் சாவித்துளையில் சாவியைப் போட்டால், சுவருக்குள் ஒரு கம்பி இறங்கிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். கரடிக்காரம்மா டாக்டருக்குத் தன் தினசரி வேலையை நடித்தே காட்டினாள். காலையில் சீமாட்டியை முற்றத்துக்கு அனுப்புவாள். கதவைப் பூட்டுவாள். அறையைக் கழுவி, வைக்கோல் பரப்பி, போய்விடுவாள். பிறகு முள்ளம்பன்றிகள், கீரிகள் என்று அவளுக்கு ஆயிரம் சோலி. சாயங்காலம் வந்து கதவைத் திறந்து, வாடி சீமாட்டி என்று ஒரு குரல். உள்ளே வந்துவிடும். குழாயும் கிடையாது, குச்சியும் கிடையாது.

"பகல்ல கதவு மூடியே இருக்கும்?"

"பின்னே? ஜனங்க பாக்க வர்றாங்க இல்ல. உள்ள போய்ப் படுத்துக்கிட்டா யாரு பாக்கிறது? இது இந்தப் பூங்காவோட சட்டம்."

டாக்டர் கதவின் முன்னால் குந்தினாள். கைவிளக்கை அடித்தாள்.

"அக்கா, இங்க பாருங்க."

கதவின் பச்சை வண்ணம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. கரடியின் தோள் உயரம். முற்றத்துப் பக்கம் ஒரு மின்னல். அறைப் பக்கமும் அதே உயரத்தில் ஒரு மின்னல். கதவின் ஓரத்தில் கறுப்பு மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை போய்வந்தால் இப்படித் தேயாது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு மகாராணி உள்ளேயும் வெளியேயும் உலா போயிருக்கிறாள்.

கரடிக்காரம்மா சாவியைப் போட்டுப் பூட்டிக் காட்டினாள். டாக்டர் தோளால் முட்டினாள். கதவு அசையவில்லை. பூட்டில் குறையே இல்லை.

"நான் பூட்டாம ஒரு நாள் போனதில்ல," என்றாள் கரடிக்காரம்மா. "என் பேத்தி மேல சத்தியம்."

அப்போதுதான் அவளுக்கு வைக்கோல் ஞாபகம் வந்தது. காலையில் அழகாகப் பரப்பிவிட்டுப் போகும் வைக்கோல் சாயங்காலம் நசுங்கி, குழி விழுந்து, யாரோ புரண்டெழுந்த மாதிரி இருக்கும். பகலில் அந்த வெளிநடைக்கு வருகிற ஒரே மனிதர் சம்பந்திதான். சாப்பிட்டுவிட்டுக் கரடியின் மெத்தையில் மனிதர் ஒரு தூக்கம் போடுகிறார் என்றே அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். சம்பந்தியிடம் போய், என்ன சம்பந்தி, கரடி படுக்கையில் படுக்கிறீர்களா என்று எப்படிக் கேட்பது? கூட ஒரு பிடி வைக்கோல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. பகல் பூராவும் சீமாட்டியைக் காணோம் என்று யாரும் தேடவில்லையா என்று கேட்டாள். தேடுவார்கள். பாறைக்குப் பின்னால் படுத்திருக்கும் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், அவளும்தான்.

"யாரு திறந்தாங்கங்கிறது அப்புறம்," என்றாள் டாக்டர். "அவளுக்கு அங்க இருந்த ஒரே சொத்து இந்தக் கதவுதான் அக்கா. வெயில் அடிச்சா உள்ள, போரடிச்சா வெளிய. யாரையும் கேக்க வேண்டாம். புது வீட்டுல எல்லாம் இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் பட்டன் வேற யாரோ கையில."

கரடிக்காரம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாணமாகிப் போன வீட்டில் சமையலறை விளக்கைப் போடக்கூட மாமியாரைக் கேட்க வேண்டியிருந்த முதல் வருஷம் அவளுக்கு மறக்கவில்லை. தானும் அப்போது இப்படித்தான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

இருவரும் மேலாளர் அறைக்கு ஓடினார்கள். புதிய இடத்தின் கதவைப் பகலில் திறந்தே வைக்க வேண்டும், இன்றைக்கே, இப்போதே. மேலாளர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போலப் பார்த்தார். கதவைத் திறந்தால் கரடி உள்ளே போகும். போனால் வருமா? குழு திரும்பி வந்து காலிப் புல்வெளியைப் பார்க்க வேண்டுமா? நடக்கிற கரடியாவது கரடி என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஜனங்கள் காசு கொடுத்து வருவது கரடியைப் பார்க்கத்தான், கதவைப் பார்க்க இல்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. உள்ளே போன சீமாட்டி வராவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது.

கதவின் விசைப்பெட்டி கரடி வீட்டின் பின்புறம் இருந்தது. பூட்டிய பெட்டி. சாவி சம்பந்தியிடம்.

இழுத்துப் பார்த்த பூட்டையே மறுபடி இழுத்துப் பார்க்கிற மனிதரிடம் போய், மேலாளர் வேண்டாம் என்ற கதவைத் திற என்று கேட்க வேண்டும். அதுவும் சம்பந்தியிடம். அவர் மறுத்தால் அந்த மறுப்பு வாழ்நாள் பூராவும் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நிற்கும். திறந்து கொடுத்ததற்காக அவருக்கு வேலை போனால் அதைவிட மோசம். கரடிக்காரம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனாள்.

அவர் பெட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

"கல்யாணத்துல கூடக் கேக்கல. சொல்லுங்க."

"சீமாட்டி கதவைத் திறக்கணும். மேலாளர் வேண்டாம்னுட்டார். சாவியை என்கிட்ட குடுத்துட்டு நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. நான் திருடினதா இருக்கட்டும்."

அவர் யோசிப்பார், தடுமாறுவார், சட்டம் பேசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கொத்திலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, சங்குக்குப் போகும் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கி எடுத்தார்.

"இது எதுக்குங்க, நாராசமா," என்றார். "நீங்க போய்க் கூப்பிடுங்க. நான் திறக்கிறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளையாட்டுக் காலணிகள் வந்துவிட்டன. சாப்பாட்டுக் களையோடு குழு. வாயைத் துடைத்தபடி மேலாளர். சீமாட்டி தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தன் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. தலைவி பெருமூச்சு விட்டாள். கூட வந்தவர்களில் ஒருவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பின்னால் கதவு சத்தமில்லாமல் மேலே ஏறியது.

சீமாட்டி பாதி வழியில் நின்றது. மூக்கு மேலே போனது. திரும்பியது. திறந்திருக்கிற இருட்டை வெகுநேரம் பார்த்தது. அது வழக்கமான நேரம் இல்லை. சங்கு ஊதவில்லை. குழாய் பீய்ச்சவில்லை. ஏதோ சூது என்று நினைத்திருக்க வேண்டும்.

"வாடி சீமாட்டி," என்றாள் கரடிக்காரம்மா, உள் கம்பிக்குப் பின்னாலிருந்து, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரலில். "வந்தா வா, வராட்டிப் போ."

சீமாட்டி உள்ளே போனது.

புல்வெளி காலி. அருவி யாருக்கோ விழுந்துகொண்டிருந்தது. மேலாளரின் முகத்தில் ரத்தம் இல்லை. கரடி எங்கே என்று தலைவி கேட்டாள். டாக்டர் பெண், கொஞ்சம் பொறுங்கள் மேடம் என்றாள். பேனாக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே சீமாட்டி வைக்கோலை மோந்தது. கரடிக்காரம்மாவைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. படுக்கப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. படுத்தால் தொலைந்தது. கூப்பிடவும் கூடாது, தள்ளவும் கூடாது. தள்ளினால் அப்புறம் அந்தக் கதவு அதன் கதவு இல்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

சீமாட்டி படுக்கவில்லை. எழுந்து கதவடிக்குப் போனது. தலையை மட்டும் வெளியே நீட்டியது. திறந்துதான் இருக்கிறது. வெளியே போனது. ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்தது. இன்னும் திறந்துதான் இருக்கிறது. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. ஒவ்வொரு தடவையும் நடை கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. கடைசியில் வாசற்படியிலேயே முதுகு வெளியே, முகம் உள்ளே என்று உட்கார்ந்து, நிலைச்சட்டத்தில் முதுகைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ குபீரென்று சிரிக்கும் சத்தம். தலைவிதான்.

பிறகு சீமாட்டி வெளியே வந்து, இதுவரை கால் நனைக்காத குளியல் தொட்டியில் தொப்பென்று விழுந்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் அடித்தது. பேனாக்காரர் பயந்து பேனாவைக் கீழே போட்டார். வாய்க்கால் பக்கம் அது திரும்பியும் பார்க்கவில்லை.

தலைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூரியன் சாயும் வரை எழவில்லை. இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டபோது டாக்டர் கரடிக்காரம்மாவைக் காட்டினாள், கரடிக்காரம்மா டாக்டரைக் காட்டினாள். மேலாளர் நடுவில் வந்து நின்றுகொண்டார். கதவைப் பகலில் திறந்துவிடுவது பழைய கூண்டிலிருந்தே இந்தப் பூங்காவின் கொள்கை மேடம் என்றார். சொல்லும்போது அவருக்கே அது நிஜமாகப் பட்டிருக்க வேண்டும், குரல் தழுதழுத்தது.

சீமாட்டி எங்கேயும் போக வேண்டாம். கதவு திறந்தே இருக்கும். சங்கைக் கழற்றித் தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று தலைவி சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பூங்கா வாசலை நோக்கிச் சம்பந்திகள் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். கரடிக்காரம்மாவின் கால்கள் இப்போது எதற்கும் கெஞ்சவில்லை. ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. பழைய கூண்டில் கதவைத் திறந்துவிட்டது யார்? மேலாளர் இல்லை, டாக்டர் இல்லை. பேய் பிசாசு சாவி வைத்துக்கொள்வதில்லை.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை செருமினார்.

"ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது. பிள்ளைங்க வீட்டுக்கும் போகக் கூடாது."

"சொல்லுங்க சம்பந்தி."

"பழைய கூண்டுல கதவைத் திறந்து விட்டது நீங்கதான்."

அவள் நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சு இல்லீங்க, மறதி," என்று அவர் அவசரமாகச் சமாதானம் சொன்னார். "யாருக்குத்தான் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் ரவுண்டுல உங்க பூட்டுல சாவியைப் போட்டுப் பாத்தேன். பூட்டியிருந்தா சாவி சுத்தாதில்லையா? சுத்துச்சு. உள்ள டக்குனு சத்தம் கேட்டுச்சு. அடடா, பூட்டாம போயிட்டாங்களேன்னு நானே பூட்டிட்டேன். மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். சாயங்காலம் வந்து பாத்தாலும் சுத்தும். நடுவுல வந்து திறந்துட்டு மறுபடி மறந்துட்டீங்க போலன்னு அதையும் பூட்டுவேன். சம்பந்தி அம்மாவைப் போய்க் குறை சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரிகிட்டக்கூட மூச்சு விடல."

கரடிக்காரம்மாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

"இன்னிக்குத்தான் புரிஞ்சுது," என்றார் அவர். "நீங்க மறந்து விட்டு வச்ச கொஞ்ச நேரம்தான் அதுக்குச் சொர்க்கமா இருந்திருக்கு. நான் பாவி, தினமும் போய்ப் போய் அடைச்சிருக்கேன்."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பூங்கா வாசலில், போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவில், சம்பந்தி என்கிற மரியாதையை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"சம்பந்தி," என்றாள். "நான் ஒரு நாள்கூட மறக்கல. உங்களுக்கு முன்னாடி நான் பூட்டிட்டுத்தான் போவேன். உங்க மத்தப் பூட்டெல்லாம் பூட்டினா சாவி நின்னுடும். அந்தக் கிழட்டுப் பூட்டு நிக்காது, ஒரே பக்கமா சுத்திக்கிட்டே இருக்கும். முதல் சுத்து பூட்டும். ரெண்டாவது சுத்து திறக்கும்."